சொந்த யூனிக்ஸ் பெட்டி, பல்கலைக்கழக அறை: எந்தக் கோளாறுக்கு எங்கே பார்ப்பது

துறை கொடுத்த கணினி கெட்டுப்போனால் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போகலாம். சொந்தக் காசில் வாங்கி ஆய்வறை மூலையில் வைத்திருக்கும் வொர்க்ஸ்டேஷன் கெட்டால் யாரும் வரமாட்டார்கள். கணினி மையத்தில் போய் நின்றால் "அது உங்க பர்சனல் மெஷின் சார்" என்பார்கள், அவர்கள் சொல்வதில் தப்பும் இல்லை. ஆனால் பல நேரம் கோளாறு பெட்டிக்குள் இருப்பதே இல்லை, சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிறது: கரண்ட், நெட்வொர்க் சுவிட்ச், ப்ராக்ஸி (வளாகத்துக்கும் இணையத்துக்கும் நடுவில் நிற்கும் சர்வர்), கோப்பு சர்வர். அதனால் கீழே எந்த அறிகுறிக்குப் போனாலும் முதல் வேலை, இது சுவருக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று பிரிப்பதுதான். அதைப் பிரிக்காமல் எடுத்த எடுப்பில் ரீஇன்ஸ்டால் செய்பவர்கள் தஞ்சாவூர் முதல் திருவாரூர் வரை எல்லா விடுதியிலும் இருக்கிறார்கள், அவர்களுக்கு அதே கோளாறு அடுத்த மாதமும் வரும்.

லினக்ஸ் வகைகளில் ஒன்றான டெபியனை வைத்து எழுதுகிறேன், யூனிக்ஸ் குடும்பத்தின் இன்னொரு கிளையான ஃப்ரீபிஎஸ்டி வேறுபடும் இடத்தில் சொல்கிறேன். கட்டளைகளை ஒலிப்பில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்து, பெரிய எழுத்து வேண்டிய இடத்தில் குறிப்பிடுகிறேன்.

தானாக அணைந்து தானாக எழுகிறது

"லாஸ்ட் -எக்ஸ்" தட்டுங்கள் (டெபியன் 13 முதல் அது தானாக வருவதில்லை, டபிள்யூடிஎம்பிடிபி தொகுப்பு போட வேண்டும்). ரீபூட் வரிக்கு முன்னால் ஷட்டவுன் வரி இருந்தால் முறைப்படி அணைந்திருக்கிறது, யாரோ அல்லது ஏதோ ஒரு நிரல் அணைத்திருக்கிறது. அந்த வரி இல்லாமல் கிராஷ் என்று இருந்தால் "ஜர்னல்சிடிஎல் -பி -1 -ஈ" போட்டு, போன தடவை ஓடியபோது கடைசியாக என்ன எழுதியது என்று பாருங்கள். வெப்பம் எல்லை தாண்டியதாக வரிகள் இருந்தால் விசிறிப் பக்கம் போக வேண்டும். ஒன்றுமே இல்லாமல் பதிவு பாதியில் அறுந்து நின்றால் கரண்ட், இல்லையென்றால் எஸ்எம்பிஎஸ் (பெட்டிக்குள் இருக்கும் மின்வழங்கி). போன பூட்டின் பதிவே இல்லை என்று சொன்னால் /வார்/லாக்/ஜர்னல் என்ற அடைவை உருவாக்கி ஒருமுறை ரீபூட் செய்யுங்கள், அதற்குப் பிறகு வட்டில் சேமிக்கும்.

கரண்ட்தான் என்றால்: யூபிஎஸ் பெட்டியில் 600 விஏ என்று போட்டிருப்பதை அப்படியே வாட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது, பெரும்பாலும் 360 வாட் அளவுதான் தாங்கும். கிராஃபிக்ஸ் அட்டையும் ஓடி, பழைய இரட்டைப் ப்ராசசரும் ஓடினால் அதைத் தாண்டிவிடும். கரண்ட் இருக்கும்வரை ஒன்றும் தெரியாது, போன நொடியில் யூபிஎஸ்ஸும் சேர்ந்து விழும். பேட்டரி உயிரோடு இருக்கிறதா என்று சோதிக்க வொர்க்ஸ்டேஷனையே பலி கொடுக்க வேண்டாம், ஒரு குண்டு பல்பை மாட்டி, யூபிஎஸ் பிளக்கைப் பிடுங்கிப் பாருங்கள். நம் ஊர் வெயிலில் அந்த ஈய அமில பேட்டரி இரண்டு மூன்று வருடம் ஓடினாலே பெரிது.

யூபிஎஸ் வாங்கியதும் நிறையப் பேர் நிம்மதியாக விட்டுவிடுகிறார்கள். யூஎஸ்பி வயரை இணைத்து, யூபிஎஸ்ஸைக் கண்காணிக்கும் நட் என்ற மென்பொருள் தொகுப்பைப் போட்டு, பேட்டரி குறைந்ததும் தானாக ஷட்டவுன் ஆகும்படி செய்யாவிட்டால் அந்த யூபிஎஸ் விபத்தைப் பத்து நிமிடம் தள்ளிப்போடுகிறது, அவ்வளவுதான். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த பிறகு கடலோர டெல்டாவில் பல ஊர்களில் நாட்கணக்கில் கரண்ட் இல்லை. அந்த மாதிரி நேரத்தில் எந்த யூபிஎஸ்ஸும் ஓட்டித் தராது, ஒழுங்காக அணைத்துத் தரும். பயாஸில் (போர்டின் சொந்த அமைப்புப் பக்கம்) "கரண்ட் திரும்பினால் என்ன செய்ய" என்ற அமைப்பை அணைந்தே இரு என்று வையுங்கள். மழைக்காலத்தில் கரண்ட் ஒரே தடவையில் வந்து நிற்காது, வந்து போய் வந்து போய்த்தான் நிற்கும். ஒவ்வொரு வருகைக்கும் பெட்டி எழுந்து பாதி பூட்டில் விழுந்தால் வட்டுக்குத்தான் கேடு.

வெப்பம் என்றால் "சென்சார்ஸ்" என்ன காட்டுகிறது என்று பாருங்கள் (எல்எம்-சென்சார்ஸ் தொகுப்பு). தை, மாசியில் சம்பா அறுவடை இயந்திரங்கள் வயலில் இறங்கும்போது சாலையோரக் கட்டிடங்களில் உள்ளே வந்து படியும் தூசி சாதாரணத் தூசி இல்லை, சுணையோடு சேர்ந்து ஹீட்சிங்க் இடுக்கில் கம்பளி மாதிரி படிந்துவிடும். ப்ளோயர் பிடிக்கும்போது விசிறி இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், தாறுமாறாகச் சுழலவிட்டால் பேரிங் போகும்.

கேபினட்டைத் தொட்டால் சுர்ரென்கிறது

எர்த் இல்லை. எஸ்எம்பிஎஸ்ஸில் உள்ள வடிகட்டிக் கெபாசிட்டர்களால், எர்த் கிடைக்காத பெட்டியின் உலோகம் மின்னழுத்தத்தில் சுமார் பாதியில், அதாவது 115 வோல்ட் பக்கத்தில் மிதக்கும். மின்னோட்டம் மிகக் குறைவு என்பதால் பொதுவாக ஆளைக் கொல்லாது, ஆனால் யூஎஸ்பி போர்ட்டும் மானிட்டர் கேபிளும் அதைத் தாங்கிக்கொண்டிருக்கின்றன. மூன்று முள் பிளக்கை இரண்டு முள்ளாக மாற்றும் அடாப்டர் எங்காவது மாட்டியிருந்தால் தூக்கிப் போடுங்கள். சுவர் பாயிண்ட்டிலேயே எர்த் வரவில்லை என்றால் அது கட்டிடத்தின் வேலை, எலக்ட்ரீஷியன் அண்ணனைக் கூப்பிட்டு மீட்டர் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். நீங்களாகச் சுவிட்ச் போர்டைத் திறக்க வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை இடியில் கரண்ட் பிளக்கைப் பிடுங்குகிறவர்கள் லேன் கேபிளை மறந்துவிடுகிறார்கள். கட்டிடத்துக்குக் கட்டிடம் தாமிரக் கேபிள் இழுத்திருந்தால் மின்னல் அதன் வழியாகவும் வரும்.

கறுப்புத் திரையில் இனிட்ராம்எஃப்எஸ் என்று வந்து நிற்கிறது

கரண்ட் போன மறுநாள் இது வரும். ரூட் கோப்பமைப்பு (கணினியின் முதன்மைக் கோப்பமைப்பு) ஒழுங்கில்லை, நீயே எஃப்எஸ்சிகே (கோப்பமைப்பைச் சரிபார்க்கும் நிரல்) ஓட்டு என்று சொல்கிறது. மேலே உள்ள செய்தியில் எந்தப் பகிர்வு (வட்டின் எந்தப் பகுதி) என்று இருக்கும், அதற்கு "எஃப்எஸ்சிகே -ஒய்" கொடுத்து, முடிந்ததும் "எக்சிட்". ஃப்ரீபிஎஸ்டியில் சிங்கிள் யூசர் ஷெல்லுக்குப் போய் அதே "எஃப்எஸ்சிகே -ஒய்", பிறகு "மவுண்ட் -யூ /".

ஆனால் ஆய்வுத் தரவு அந்த வட்டில்தான் இருக்கிறது, வேறு நகல் இல்லை என்றால் உடனே எஃப்எஸ்சிகே ஓட்ட வேண்டாம். ஒரு லைவ் யூஎஸ்பியில் ஏறி "எஸ்மார்ட்சிடிஎல் -ஏ" போட்டு வட்டின் உடம்பைப் பாருங்கள். அது காட்டும் பட்டியலில் 5ஆம் எண் மாற்றி வைத்த செக்டர்கள், 197 படிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டர்கள். 197 பூஜ்யமாக இல்லை என்றால் வட்டே போய்க்கொண்டிருக்கிறது. முதலில் டிடிரெஸ்க்யூ வைத்து வேறொரு வட்டுக்கு முழுப் பிரதி எடுத்து, ரிப்பேரை அந்தப் பிரதியில் செய்யுங்கள். 199 (கேபிள் வழியில் நேரும் பிழைகள்) மட்டும் ஏறிக்கொண்டே போகிறது, மற்றவை பூஜ்யம் என்றால் சந்தோஷப்படலாம், சாட்டா கேபிள்தான் கோளாறு, மாற்றினால் எண் அதோடு நின்றுவிடும் (குறையாது, அது வாழ்நாள் கணக்கு).

பூட் ஆகும்போது ஒன்றரை நிமிடம் சும்மா நிற்கிறது

அந்தத் தொண்ணூறு நொடி சிஸ்டம்டியின் (பூட் ஆகும்போது எல்லாச் சேவைகளையும் எழுப்பும் நிரல்) இயல்பான காத்திருப்பு. இல்லாத ஒன்றுக்காகக் காத்திருக்கிறது: கழற்றிப்போன வெளி வட்டு, பகிர்வு மாற்றியதால் அடையாள எண் மாறிய ஸ்வாப் (நினைவகத்துக்குத் துணையான பகிர்வு), அல்லது துறையின் என்எஃப்எஸ் சர்வர் (நெட்வொர்க் வழியாகக் கோப்பு தரும் சர்வர்). /ஈடிசி/எஃப்எஸ்டேப் கோப்பில் அந்த வரியைக் கண்டுபிடித்து நோஃபெயில் (கிடைக்காவிட்டாலும் நிற்காதே) என்பதைச் சேர்த்துவிடுங்கள். சர்வருக்கு எக்ஸ்-சிஸ்டம்டி.ஆட்டோமவுண்ட் என்பதையும் சேர்த்தால் அந்த அடைவுக்குள் நுழையும்போது மட்டும் இணைக்கும்.

அதே சர்வர் வேலை நடுவே செத்தால் "எல்எஸ்" கூடத் தொங்கும், கில் -9 கொடுத்தாலும் பல நேரம் சாகாது. "பிஎஸ்" பட்டியலில் அந்த நிரலின் நிலை டி என்றிருக்கும். அது பெட்டியின் கோளாறே இல்லை. "யூமவுண்ட் -எல்" கொடுத்துவிட்டு மற்ற வேலையைப் பாருங்கள்.

கடிகாரம் தப்பு

கடிகாரம் தப்பானால் வரும் அறிகுறி கடிகாரத்தில் தெரியாது. பிரௌசர் எல்லாத் தளத்துக்கும் சான்றிதழ் சரியில்லை என்னும், தொகுப்புகளைப் புதுப்பிக்கும் ஆப்ட் அப்டேட் "இந்தக் கோப்பு இன்னும் செல்லுபடியாகவில்லை" என்று விநோதமாகச் சொல்லும், நிரல் தொகுக்கும் மேக் கட்டளை ஏற்கெனவே தொகுத்ததையே திரும்பத் தொகுக்கும். உடனே ப்ராக்ஸியைத் திட்டாமல் "டேட்" தட்டிப் பாருங்கள்.

சரியாக ஐந்தரை மணி நேரம் வித்தியாசம் என்றால் விண்டோஸும் லினக்ஸும் ஒரே பெட்டியில் இருக்கின்றன. விண்டோஸ் போர்டில் உள்ள கடிகாரத்தில் இந்திய நேரத்தை எழுதி வைக்கும், லினக்ஸ் அதை உலகப் பொது நேரம் என்று படித்து ஐந்தரை மணி முன்னால் ஓடும். விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியில் ரியல்டைம்ஈஸ்யுனிவர்சல் என்பதை 1 ஆக்குவதுதான் சுத்தமான வழி. வருடக்கணக்கில் பின்னால் போயிருந்தால் சிஆர்2032 நாணய பேட்டரி செத்துவிட்டது, எந்த வாட்ச் கடையிலும் கிடைக்கும்.

தினமும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்கிறது என்றால் என்டிபி (நெட்வொர்க் வழியாக நேரத்தைச் சரிசெய்யும் நெறிமுறை) போய்ச் சேரவில்லை. அது யூடிபி 123ஆம் போர்ட், பல வளாகங்களில் வெளியே விடமாட்டார்கள். வளாகத்துக்குள்ளேயே நேர சர்வர் இருக்கிறதா என்று கணினி மையத்தில் கேட்டு டைம்சிங்க்டி அமைப்பில் போடுங்கள். வெளியே விடுகிறார்கள் என்றால் இந்திய நேரத்தைப் பராமரிக்கும் டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேர சர்வரையே வைத்துக்கொள்ளலாம்.

சன் நிறுவனத்தின் பழைய யூனிக்ஸ் வொர்க்ஸ்டேஷனான அல்ட்ரா 5 மாதிரி ஒன்றை ஆசைக்கு வாங்கி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பூட் ஆகும்போது ஐடிப்ராம் (பெட்டியின் அடையாளத் தகவல்) செல்லாது என்று சொல்லி, ஈதர்நெட் முகவரி முழுக்க எஃப் எஃப் என்று வந்தால் பயப்பட வேண்டாம், போர்டு சாகவில்லை. அதன் என்விராம் சிப்புக்குள்ளேயே பேட்டரி வார்த்து வைத்திருக்கிறார்கள், அது தீர்ந்துவிட்டது. புது சிப் வாங்கிப் போடலாம், கை நடுங்காதவர்கள் மேல்பகுதியைக் குடைந்து வெளியே ஒரு நாணய பேட்டரியைச் சால்டர் செய்கிறார்கள். எது செய்தாலும் முகவரியை ஓகே ப்ராம்ப்ட்டில் திரும்ப எழுத வேண்டும், ஆகவே பெட்டி நன்றாக இருக்கும்போதே அதைக் குறித்து வையுங்கள்.

நெட் வரவில்லை

இதில்தான் எல்லோரும் தாறுமாறாகக் கை வைப்பார்கள், அதனால் வரிசையாகப் போவோம். "ஐபி லிங்க்" பாருங்கள். நோ-கேரியர் என்றால் கேபிள், சுவர் சாக்கெட் அல்லது அந்தப் பக்க சுவிட்ச்; பக்கத்து சீட் நண்பரின் கேபிளை மாட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். அடுத்து "ஐபி அட்ரஸ்". 169.254 என்று ஆரம்பித்தால் டிஹெச்சிபி (ஐபி முகவரி தரும் சேவை) பதில் தரவில்லை. வளாகத்தில் மேக் முகவரி (நெட்வொர்க் அட்டையின் வன்பொருள் எண்) பதிந்தால்தான் ஐபி தருவார்கள் என்றால், புது நெட்வொர்க் அட்டை போட்டிருக்கிறீர்களா என்று யோசியுங்கள். வைஃபை என்றால் நெட்வொர்க்மேனேஜர் முகவரியை மாற்றி மாற்றிக் காட்டுகிறதா என்று பாருங்கள். அந்த இணைப்புக்கு வைஃபை.க்ளோன்ட்-மேக்-அட்ரஸ் பர்மனென்ட் என்று வைத்தால் நிற்கும்.

ஐபி இருக்கிறது, "ஐபி ரூட்" காட்டும் கேட்வேக்குப் பிங் போகிறது, ஆனால் தளம் எதுவும் திறக்கவில்லை என்றால் பெயர்த் தீர்வு (டிஎன்எஸ், தளப் பெயரை முகவரியாக்குவது) அல்லது ப்ராக்ஸி. வளாக டிஎன்எஸ்ஸைத் தூக்கிவிட்டு கூகுளின் 8.8.8.8 போடுவது பலருக்குப் பழக்கம். அது ஃபயர்வாலில் அடைபட்டிருக்கும், அடைபடாவிட்டாலும் வளாகத்துக்குள் மட்டும் இருக்கும் பெயர்கள் அதற்குத் தெரியாது. ப்ராக்ஸியில் பொதுவான பொறி சூடோ (நிர்வாகி உரிமையில் ஓட்டும் கட்டளை): உங்கள் ஷெல்லில் ஹெச்டிடிபி_ப்ராக்ஸி வைத்திருப்பீர்கள், சூடோ அதைக் கழற்றிவிட்டுத்தான் ஓட்டும். அதனால் கர்ல் வேலை செய்யும், ஆப்ட் செய்யாது. ஆப்ட்டுக்குத் தனியாக /ஈடிசி/ஆப்ட்/ஆப்ட்.கான்ஃப்.டி அடைவில் எழுதுங்கள், கிட்டுக்கும் தனியாக. துறை சர்வர்களை நோ_ப்ராக்ஸி பட்டியலில் சேர்க்க மறந்தால் வெளியுலகம் திறக்கும், அடுத்த அறை திறக்காது.

இன்னொன்று, கண்டுபிடிக்கவே முடியாத வகை. இணையம் ஓடுகிறது, நூலக சர்வரோ தேர்வுத் துறைத் தளமோ ஒன்று மட்டும் திறக்காது, அறையில் மற்ற எல்லோருக்கும் திறக்கும். டாக்கர் (மென்பொருள்களைத் தனித்தனிக் கூண்டில் ஓட்டும் நிரல்) போட்டிருக்கிறீர்களா? அது தனக்கென்று 172.17 முகவரித் தொகுதியை எடுத்துக்கொள்ளும், உங்கள் வளாகமும் அதே தொகுதியைப் பயன்படுத்தினால் அந்த சர்வருக்குப் போக வேண்டியவை உங்கள் பெட்டிக்குள்ளேயே சுற்றும். /ஈடிசி/டாக்கர்/டீமன்.ஜேசன் கோப்பில் பிஐபி என்பதற்கு வேறு தொகுதி கொடுத்து, டாக்கரை மறுபடி தொடங்கினால் சரியாகிவிடும்.

வட்டில் இடமில்லை என்கிறது, பார்த்தால் இடம் இருக்கிறது

"டிஎஃப் -ஹெச்" இடம் காட்டினால் "டிஎஃப் -ஐ" பாருங்கள். சிமுலேஷன் ஓட்டி லட்சக்கணக்கில் குட்டிக் கோப்புகள் உண்டாக்கினால் இனோடு (ஒவ்வொரு கோப்புக்கும் ஒன்று வேண்டிய பதிவிடம்) தீர்ந்துவிடும், பைட் மிச்சம் இருந்தும் பயனில்லை. மாறாக, பெரிய கோப்பை அழித்த பிறகும் இடம் திரும்பவில்லை என்றால் ஏதோ ஒரு நிரல் அதைத் திறந்தே வைத்திருக்கிறது, "எல்எஸ்ஓஎஃப் +எல்1" (எல் பெரிய எழுத்து) யார் என்று காட்டும், அந்த நிரலை நிறுத்தினால் இடம் வந்துவிடும். லினக்ஸின் வழக்கமான கோப்பமைப்பான இஎக்ஸ்டி4 ஐந்து சதவீதத்தை ரூட்டுக்கு (நிர்வாகிக் கணக்கு) ஒதுக்கி வைக்கும். தரவுக்கு மட்டும் உள்ள பெரிய பகிர்வில் "ட்யூன்2எஃப்எஸ் -எம் 1" கொடுத்து மீட்டுக்கொள்ளலாம், ரூட் பகிர்வில் வேண்டாம். ஃப்ரீபிஎஸ்டியின் யூஎஃப்எஸ் கோப்பமைப்பில் 108 சதவீதம் நிரம்பியதாகக் காட்டினால் அது கணக்குப் பிழை அல்ல, ஒதுக்கீடு எட்டு சதவீதம், ரூட் அதையும் தின்றுவிட்டது.

கடவுச்சொல் சரி, திரும்ப லாகின் திரைக்கே வருகிறது

கண்ட்ரோல் ஆல்ட் எஃப்3 அழுத்தி எழுத்துத் திரையில் நுழையுங்கள். அதிலும் நுழைய முடியவில்லை என்றால் கடவுச்சொல்தான். நுழைய முடிந்தால் ஹோம் பகிர்வு நிரம்பியிருக்கிறதா பாருங்கள், அடுத்து .எக்ஸ்ஆத்தாரிட்டி (எக்ஸ் பெரிய எழுத்து) கோப்பு ரூட் பெயரில் இருக்கிறதா பாருங்கள். எப்போதோ சூடோ போட்டு ஸ்டார்ட்எக்ஸ் (வரைகலைத் திரையைத் தொடங்கும் கட்டளை) ஓட்டியதன் பலன். அழித்துவிடுங்கள், புதிதாக உருவாகும்.

ஷெல்லை அலங்கரிப்பவர்களுக்கு: .பேஷ்ஆர்சி கோப்பில் வணக்கம் சொல்ல ஒரு எக்கோ வைத்தால் அழகாகத்தான் இருக்கும், ஆனால் எஸ்எஃப்டிபி, ஆர்சிங்க் எல்லாம் அந்த வணக்கத்தை நெறிமுறையின் பகுதி என்று நினைத்துக் குழம்பி விழும். மனிதர் உட்கார்ந்திருக்கும் ஷெல்லா என்று சோதித்து அதற்குள் வையுங்கள்.

கோப்பு கண்ணெதிரே இருக்கிறது, ஓட்டினால் அப்படி ஒரு கோப்பே இல்லை என்கிறது

எனக்குப் பிடித்த கோளாறு இது, ஏனென்றால் யூனிக்ஸ் பொய் சொல்லவில்லை, எந்தக் கோப்பு இல்லை என்று சொல்லாமல் விட்டுவிடுகிறது (புது பேஷ் ஷெல் "தேவையான கோப்பு கிடைக்கவில்லை" என்று சொல்லும், எது என்று அதுவும் சொல்லாது). இல்லாதது அந்த நிரலை ஏற்றிவிடும் லோடர். "ஃபைல்" கட்டளை கொடுத்தால் இன்டர்ப்ரெட்டர் என்று ஒரு பாதை காட்டும், அந்தப் பாதையில் ஏதாவது இருக்கிறதா பாருங்கள். 32 பிட் நிரலாக இருக்கலாம். பொறியியல் மென்பொருள்களோடு வரும் பழைய லைசென்ஸ் நிரல்கள் எல்எஸ்பி (பழைய லினக்ஸ் பொதுத்தரம்) லோடரைத் தேடும், இப்போதைய டெபியனில் அது இல்லை. ஸ்கிரிப்ட் என்றால் முதல் வரியின் கடைசியில் விண்டோஸ் எடிட்டர் விட்டுப்போன கண்ணுக்குத் தெரியாத எழுத்து ஒட்டியிருக்கும், "டாஸ்2யூனிக்ஸ்" போதும்.

அதே பழைய லைசென்ஸ் நிரல்கள் ஈத்0 என்ற பெயரில்தான் நெட்வொர்க் அட்டையைத் தேடும். இப்போது பெயர் என்ப்3எஸ்0 என்கிற மாதிரி வருவதால் அடையாளம் பூஜ்யம் என்று காட்டும். கெர்னலுக்கு (இயங்குதளத்தின் கரு) பூட் ஆகும்போது கொடுக்கும் வரியில் நெட்.இஃப்நேம்ஸ்=0 கொடுத்தால் பழைய பெயர் திரும்பும். அதற்கு முன் பல்கலைக்கழக லைசென்ஸ் சொந்த இயந்திரத்துக்கும் பொருந்துமா என்று எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள், பல ஒப்பந்தங்களில் நிறுவனத்தின் கணினி என்றுதான் இருக்கும்.

அப்டேட்டுக்குப் பிறகு வெறும் கறுப்புத் திரை

க்ரப் பட்டியலில் (பூட் ஆகும்போது வரும் தேர்வுப் பட்டியல்) அட்வான்ஸ்ட் போய்ப் பழைய கெர்னலில் பூட் செய்யுங்கள். வந்துவிட்டால் வட்டோ மானிட்டரோ இல்லை, என்விடியா கிராஃபிக்ஸ் அட்டை என்றால் பெரும்பாலும் புதுக் கெர்னலுக்கு அதன் மாட்யூல் தொகுக்கப்படவில்லை. "டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ்" பாருங்கள், லினக்ஸ்-ஹெடர்ஸ்-ஏஎம்டி64 தொகுப்பு போட்டிருக்கிறதா என்று பாருங்கள், பெரும்பாலும் அதுதான் விடுபட்டிருக்கும். செக்யூர் பூட் இயக்கத்தில் இருந்தால் மாட்யூலுக்குக் கையொப்பமும் வேண்டும்.

தமிழ் உடைந்து தெரிகிறது

மூன்று வெவ்வேறு கோளாறுகளை ஒன்றாக்கிச் சொல்வார்கள். கட்டம் கட்டமாக வந்தால் எழுத்துரு இல்லை, ஃபாண்ட்ஸ்-லோஹித்-டாம்ல் அல்லது நோட்டோ தொகுப்பு போட்டு "எஃப்சி-கேஷ்" ஓட்டுங்கள். எழுத்து வருகிறது, ஆனால் டெர்மினலில் மட்டும் கொம்பும் காலும் தப்பான இடத்தில் நிற்கிறது என்றால் கோப்பு நன்றாகவே இருக்கிறது. டெர்மினல் ஒவ்வொரு எழுத்தையும் சம அகலக் கட்டத்தில் அடைக்கப் பார்க்கிறது, நம் எழுத்துக்கு அது பொருந்தாது. கொன்சோல் ஓரளவு பரவாயில்லை, எக்ஸ்டெர்மில் எதிர்பார்க்கவே வேண்டாம். கல்வெட்டு, சுவடி என்று தமிழ்த் தரவோடு வேலை செய்பவர்கள் சரிபார்ப்பதை வரைகலை எடிட்டரில் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது வகை, பத்துப் பதினைந்து வருடத்துக்கு முந்தைய ஆய்வேட்டைத் திறந்தால் ஆங்கில எழுத்தும் குறியுமாகக் கொட்டுவது. கோப்பு கெடவில்லை, பாமினி மாதிரி பழைய எழுத்துருவில் தட்டியது. முதலில் எந்தக் குறியாக்கம் என்று கண்டுபிடித்து யூனிகோடுக்கு மாற்றுங்கள். பாமினி, டாப், டிஸ்கி எல்லாம் வேறுவேறு, ஒன்றுக்கானதை மற்றொன்றில் ஓட்டினால் பாதி எழுத்து சரியாகவும் பாதி தப்பாகவும் வந்து மெய்ப்புப் பார்ப்பவர் உயிரை எடுக்கும். மூலக் கோப்பின் மேல் எழுதாதீர்கள். தட்டச்சுக்கு ஐபஸ்ஸும் அதன் எம்17என் பகுதியும் போட்டால் தமிழ்99 பட்டியலில் வரும். லேடெக் ஆட்கள் எக்ஸ்ஈலேடெக்கில் எழுத்துருவைக் குறிப்பிடும்போது ஸ்கிரிப்ட் தமிழ் என்று சேர்க்காவிட்டால் கொம்பு இடம் மாறும்.

வாசலில் வாட்ச்மேன் பெட்டியை வெளியே விடமாட்டேன் என்கிறார்

இதற்கும் ஒரு கட்டளை உண்டு. "டிஎம்ஐடிகோட் -எஸ் சிஸ்டம்-சீரியல்-நம்பர்". பெட்டியை உள்ளே கொண்டுவரும் அன்றே அந்த எண்ணோடு, வட்டு எண்ணையும் சேர்த்து, சொந்தப் பொருள் என்று ஒரு கடிதம் எழுதித் துறைத் தலைவர் கையெழுத்து வாங்கி, ஒரு நகலை அலுவலகத்திலும் ஒன்றை வாசல் பதிவேட்டிலும் கொடுத்துவிடுங்கள். உள்ளே வந்த பதிவு இல்லாத பெட்டிக்கு கேட் பாஸ் எழுத அலுவலகத்தில் யாரும் துணியமாட்டார்கள். அசெம்பிள் செய்த பெட்டியில் அந்த எண் வெறுமையாகவோ பொருளற்ற சொல்லாகவோ வரும். அப்போது மதர்போர்டு எண்ணும் வாங்கிய பில்லும் போதும்.